பாம்புக்கு ஏது சிறகு?

படைப்பிலே ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வோர் இடத்தை நாம் மனத்துள் வகுத்து வைத்திருக்கிறோம். மீனுக்கு நீர், பறவைக்கு வானம், பாம்புக்கு மண். நம் புராணங்களும் இந்தப் பங்கீட்டை ஒட்டியே கதை சொல்கின்றன. மேலே கருடன் வட்டமிடுவான். கீழே நாகம் புற்றினுள் ஒடுங்கும். இந்த ஏற்பாட்டில் மனிதனுக்கும் ஒரு வசதி உண்டு. பாம்புக்கு அஞ்சுகிறவன் நிலத்தைப் பார்த்து நடந்தால் போதும். அண்ணாந்து பார்த்து அஞ்ச வேண்டிய கவலை அவனுக்கு இல்லை.

அந்த வசதியைக் குலைப்பதற்கென்றே பிறந்தாற்போல ஒரு பாம்பு நம் நாட்டில் வாழ்கிறது. தமிழிலே அதற்குப் பறக்கும் பாம்பு என்று பெயர். சிங்கள மக்கள் 'மல் சரா' என்பார்கள். 'மல்' என்றால் மலர். மஞ்சள் கலந்த பச்சை உடலும், செதில் ஒவ்வொன்றையும் மையிட்டு வரைந்தாற்போன்ற கறுப்புக் கோடுகளும், சிலவற்றின் முதுகிலே வரிசையாகச் செம்பூ வைத்தது போன்ற புள்ளிகளும் உடைய அதற்கு அந்தப் பெயர் பொருத்தமே. அவர்கள் இட்ட பெயரில் மலர் இருக்கிறது. நாம் இட்ட பெயரிலோ பறத்தல் இருக்கிறது. மலர் என்ற சொல்லைக் கேட்டு எவரும் தடியெடுப்பதில்லை. பறக்கும் பாம்பு என்றதும் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறோம்.

கொள்ளுப்பிட்டியிலே பாம்பா என்று நேயர்கள் வியக்கலாம். காலி வீதியில் நின்று பார்ப்பவருக்கு வாகனங்களும் வானளாவிய மாடிகளுமே தெரியும் என்பது உண்மை. ஆயினும் அந்த வீதியிலிருந்து கடற்கரைப் புகையிரதப் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கறுவாத்தோட்டப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கைகளிலும் பழைய வீட்டு வளவுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றிலே தென்னையும் மாவும் பலாவும் ஜம்புவும் கிளையோடு கிளை உரச நிற்கின்றன. மரம் இருக்கும் இடத்தில் ஓணான் இருக்கும்; வீடு இருக்கும் இடத்தில் பல்லி இருக்கும். இவ்விரண்டும் இருக்கும் இடத்துக்கு மல் சரா வராதிருந்தால் அன்றோ வியப்பு!

நாம் குடியிருக்கும் ஒழுங்கைக்கும் அது வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் விடுமுறையில் ஒரு நாள், அயல் வளவிலே தேங்காய் பறிப்பதற்காக ஓர் ஆள் மரத்தில் ஏறினார். ஓலைகளுக்கிடையே படுத்திருந்த பாம்பு, மனிதத் தலை ஒன்று மேலே வரக் கண்டதும் மட்டையின் நுனிக்கு ஓடி அங்கிருந்து பாய்ந்தது. வளவின் மறுபுறத்து ஜம்பு மரத்தை எட்டுவது அதன் எண்ணமாக இருக்கலாம். எட்டவில்லை. மதிலுக்கு வெளியே, ஒழுங்கையின் நடுவிலே வந்து இறங்கியது. அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவர் கூச்சலிட்டார்கள். பெரியவர்கள் தடிகளோடு வந்தார்கள். நாம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“மாஸ்டர், நல்ல வேளை! இது நெற்றியைப் பார்த்துப் பாய்கிற சாதி. பறந்து வந்து கொத்தினால் பிறகு பேச்சில்லை” என்றார் அயல் வீட்டு ஆச்சி. அவருடைய ஊரிலே சொல்லிக்கொடுத்தது அது. தமிழகத்திலே கொம்பேறி மூக்கனைப் பற்றி வழங்கும் கதையும் இதற்கு உறவுதான். அது மனிதனைக் கடித்துவிட்டு மரக்கொம்பில் ஏறி, அவனுடைய சிதையிலிருந்து புகை எழுகிறதா என்று பார்த்திருக்குமாம். விஷமே இல்லாத ஒரு மரப்பாம்பின் மீது இத்துணைப் பெரிய வன்மத்தை ஏற்றிவைத்திருக்கிறோம்.

நாம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவர் என்பது ஒழுங்கைப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே, செத்த பாம்பை ஒரு பிஸ்கற் பெட்டியில் இட்டு நம் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தார்கள். செத்த பாம்பும் சிறிது நேரம் வரையில் தன்னியல்பாகக் கடிக்கக்கூடும். ஆதலால் தலைப்பகுதியைத் தடித்த துணியாற் சுற்றிக் கட்டிவிட்டு, பழைய செய்தித்தாள் ஒன்றின் மேலே அதை நீட்டி வைத்தோம். மூன்றரை அடிக்குச் சற்று மேல் இருந்தது. பெருவிரல் அளவு பருமன். இதற்காகவா இத்தனை தடிகள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பாம்பைப் புரட்டி வயிற்றுப் புறத்தைக் காட்டினோம். வயிற்றுச் செதில் ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் சிறு மடிப்பு ஒன்று விளிம்புபோல் நீண்டு சென்றது. விரலை வைத்துத் தடவிய பையன், “சேர், இது ரம்பம் மாதிரி இருக்கிறது” என்றான். கை கால் இல்லாத உயிர், செங்குத்தான தென்னையில் ஏறுவது அந்த விளிம்புகளின் துணையோடுதான். பட்டையின் சொரசொரப்பில் அவை பற்றிக்கொள்ளும். வாயின் பின்பகுதியில் சிறிய நச்சுப்பற்கள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் நஞ்சு பல்லிக்கும் ஓணானுக்கும் போதும். மனிதனுக்கு அதனால் உயிராபத்து இல்லை. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மிகச் சிறியவன் ஒருவன், பாம்பின் இரு பக்கத்தையும் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “சிறகு எங்கே, சேர்?” என்றான்.

வேடிக்கையான கேள்வி போலத் தோன்றினாலும், நூறாண்டுக்கு மேலாக அறிஞர்களை அலைக்கழித்த கேள்வி அதுவே. நம் மலைக் காடுகளில் பறக்கும் அணில் இருக்கிறது. அதற்குக் காலோடு கால் சேர்த்துப் பிடித்த தோல் விரிப்பு உண்டு. போர்வையை விரித்துக்கொண்டு குதிப்பவனைப்போல அது மிதந்து செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலே வாழும் பறக்கும் ஓணானுக்கு விலா எலும்புகள் தாங்கும் தோற்சிறகு உண்டு. பாம்புக்கோ தோலும் இல்லை, இறகும் இல்லை, விரிப்பதற்குக் காலும் இல்லை. கயிறு ஒன்றை மரத்திலிருந்து எறிந்தால் அது கீழேதான் விழும். பாம்பு மட்டும் எப்படி அடுத்த மரத்துக்குப் போகிறது?

போர்ணியோத் தீவின் சரவாக் நூதனசாலைக்குப் பொறுப்பாளராக இருந்த ரொபேட் ஷெல்போர்ட் என்பவர், பாம்பு பறக்கும் என்று அங்குள்ள மக்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்து 1906ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். உயரத்திலிருந்து விழும்போது பாம்பு தன் வயிற்றை உள்ளே இழுத்துக் குழிவாக்கிக்கொள்வதை அவர் கண்டார். மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, அந்தப் பாதியை மேலிருந்து விட்டால் எப்படி மெல்ல இறங்குமோ, அப்படியே பாம்பும் இறங்குகிறது என்பது அவர் காட்டிய உவமை. பாம்பு முழு மூங்கிலாக மரத்தில் ஏறுகிறது. பிளந்த மூங்கிலாகக் கீழே வருகிறது.

விடுமுறை முடிந்ததும் நம் ஒன்பதாந் தர மாணவருக்கு இதையே பாடமாக்கினோம். ஒரே அளவான இரு தாள்களை எடுத்து, ஒன்றைக் கசக்கி உருட்டி, மற்றையதை விரித்தபடியே இரண்டையும் மேல்மாடியிலிருந்து விடச் சொன்னோம். உருட்டியது நேரே விழுந்தது. விரிந்தது தயங்கித் தயங்கி இறங்கியது. எடை ஒன்றே, பரப்புத்தான் வேறு. “அப்படியானால் பாம்பு தட்டையானாற் போதும்” என்று வகுப்பே முடிவு கட்டியது. பின்னர் பாம்பைப் போலவே நீண்டு ஒடுங்கிய மட்டைத்தாட் கீற்று ஒன்றை விடச் சொன்னோம். அது மிதக்கவில்லை. புரண்டது, தலைகீழாகச் சுழன்றது, இருந்த இடத்துக்கு நேர் கீழேயே வந்து விழுந்தது. மாணவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. ஆசிரியனுக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி வேறில்லை. காற்றிலே தாங்கப்படுவது ஒன்று. காற்றிலே புரளாமல் இருப்பது வேறொன்று. பின்னதற்கு விடை கிடைக்க உலகம் இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையிலே 10 மீற்றர் உயரமான கோபுரம் ஒன்றை அமைத்து, அதன் மேலிருந்து பாம்புகளைப் பாயவிட்டுப் படம் பிடித்தவர் ஜேக் சோச்சா என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். 2002ஆம் ஆண்டில் அவருடைய முதல் முடிவுகள் வெளிவந்தன. அவர் ஆராய்ந்தது நம் மல் சராவின் உடன்பிறப்பான இன்னோர் இனத்தை. தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் அது உருவிற் சிறியது. பாய்ச்சலிலே நம்முடையதைவிடத் தேர்ந்தது. அந்தப் படங்களில் கண்டதை நாம் படிப்படியாகச் சொல்வோம்.

முதலில் பாம்பு கிளையின் நுனிக்கு வருகிறது. வாற்பகுதியாற் கிளையைப் பற்றிக்கொண்டு, முன்னுடலைக் கீழே தொங்கவிட்டுத் தூண்டில் முள்ளைப்போல வளைக்கிறது. திடீரென்று அந்த வளைவை மேல்நோக்கி உதறி, கிளையை விட்டு வெளியே எழுகிறது. அந்த ஒரு நொடிக்குள் விலா எலும்புகள் விரிகின்றன. தலைக்குப் பின்னிருந்து வால் தொடங்கும் இடம் வரையில் உடல் முழுவதும் தட்டையாகிறது. அகலம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரு ஓரங்களும் சற்றே கீழ்நோக்கி மடிய, வயிறு குழிகிறது. ஆகாயவிமானத்தின் இறக்கையோடு ஒப்பிட்டால் இது அழகற்ற வடிவந்தான். எனினும் இதே வடிவத்தில் மாதிரி ஒன்றைச் செய்து ஓடும் நீரில் வைத்து அளந்தபோது, எதிர்பார்த்ததை விட அதிகமான தூக்குவிசை அதிலே பிறப்பதை 2014ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. உடலுக்குச் சிறகு இல்லை, உடலே சிறகு.

முதலில் செங்குத்தாக விழும் பாம்பு, வேகம் கூடக் கூடச் சரிவைக் குறைத்துக்கொள்கிறது. நொடிக்கு 8 முதல் 10 மீற்றர் வரையான வேகத்தில் முன்னோக்கிச் சறுக்குகிறது. மிகத் திறமையான பாம்பு 10 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 20 மீற்றர் தூரம் சென்றதுண்டு. நடுவழியில் திரும்பவும் அதற்குத் தெரியும். பறவையும் விமானமும் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்கின்றன. பாம்பு சாயாமலே திரும்புகிறது.

இனி, நம் மட்டைத்தாட் கீற்றுக்கு வருவோம். தட்டையான பாம்பு ஏன் அதைப்போலப் புரண்டு விழவில்லை? காற்றிலே செல்லும்போதும் பாம்பு சும்மா இருப்பதில்லை. மணலில் ஊர்வதைப்போலவே இடமும் வலமும் வளைந்து நெளிந்துகொண்டே செல்கிறது. நிலத்தில் ஊர்வதற்கு நெளிவு வேண்டும். காற்றிலே உதைத்துத் தள்ள ஏதும் இல்லையே, அங்கே எதற்கு நெளிவு? ஊர்ந்து ஊர்ந்து பழகிய உடம்பு, வானத்திலும் அந்தப் பழக்கத்தை விட முடியாமல் நெளிகிறதோ? அல்லது அந்த நெளிவுக்கும் ஒரு பயன் உண்டோ?

இதற்கான விடை 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியாவிலுள்ள பல்கலைக்கழகமொன்றிலே, நாடகங்களும் நடக்கும் நான்கு மாடி உயர மண்டபம் ஒன்றைச் சோச்சாவும் அவருடைய குழுவினரும் பயன்படுத்திக்கொண்டார்கள். 8.3 மீற்றர் உயரத்தில் மரக்கிளை ஒன்றைப் பொருத்தி, சுற்றிவர 23 அதிவேகக் கமராக்களை நிறுத்தினார்கள். பாம்புகளின் முதுகிலே ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு ஒட்டுக்களை வரிசையாக இட்டார்கள். ஒவ்வோர் ஒட்டும் வெளியிலே எங்கெங்கே செல்கிறது என்பதைக் கமராக்கள் பதிந்தன. அப்போது தெரிந்தது, கண்ணுக்குப் புலனாகும் நெளிவு ஒன்றேயன்று, இரண்டு என்பது. உடல் இடவலமாக ஓர் அலை. அதே வேளை மேல்கீழாக இன்னோர் அலை. இரண்டாவது, முதலாவதைப்போல் இரு மடங்கு விரைவில் எழுந்து தாழ்கிறது.

அந்த அளவுகளைக் கொண்டு கணினியிலே ஒரு பாம்பை அமைத்து, நெளிவோடும் நெளிவின்றியும் பாயவிட்டார்கள். நெளியாத பாம்பு சிறிது தூரம் சென்றபின் நிலை குலைந்து கவிழ்ந்தது. நெளிந்த பாம்பு நிலை பெயராமல் மேலும் தூரம் சென்றது. ஆகவே அந்த நெளிவு வெறும் பழக்கதோஷம் அன்று, அதுவே சுக்கான். ஒழுங்கையிலே மிதிவண்டி ஓட்டப் பழகும் சிறுவன் கைபிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே விழாமற் செல்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஆட்டத்தை நிறுத்தினால் விழுந்துவிடுவான். பாம்பின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கோணலுக்கு உவமை சொல்ல வேண்டுமானால் பாம்பின் போக்கையே நாம் சொல்வது வழக்கம். காற்றிலே அந்தக் கோணல்தான் அதை நேராக நிறுத்துகிறது.

இந்த விவரமெல்லாம் விஞ்ஞான வகுப்பறைக்கே உரியது, குடும்பத்துக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். ஆகிறது. அயல் வீட்டு ஆச்சியின் அச்சத்துக்கு மறுமொழி இதற்குள்தான் இருக்கிறது. “பயப்படாதேயுங்கள்” என்று சொன்னால் அச்சம் போகாது. பாம்பு எப்படிச் செல்கிறது என்று விளங்கிக்கொண்டால், அது எதைச் செய்ய இயலாது என்பதும் உடனே விளங்கிவிடும்.

சறுக்கும் பாம்பு உண்மையிலே பறப்பதில்லை. விழுவதையே தூரமாக மாற்றுகிறது. பறவைபோலச் சிறகடித்து மேலே எழ அதனால் முடியாது. புறப்பட்ட கிளையைவிட உயரமான ஓர் இடத்தை அது எட்டவே மாட்டாது. நிலத்திலே நிற்கும் ஒருவரின் நெற்றிக்கு, நிலத்திலே கிடக்கும் பாம்பு பறந்து வருவது நடவாத காரியம். மரத்திலிருந்து பாய்ந்தாலும் அது நாடுவது மனிதனையன்று, அடுத்த மரத்தை. அந்தத் தேங்காய் பறித்தவரை அது நெருங்கவில்லை. அவரை விட்டு ஓடியது. நாம் எதைப் பாய்ச்சல் என்று கண்டு நடுங்கினோமோ, பாம்பின் கணக்கிலே அது தப்பியோட்டம்.

பாம்பச்சம் முழுவதும் வீண் என்று நாம் சொல்லவில்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கொன்று, ஒரே ஆண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளானதாகவும், 464 பேர் உயிரிழந்ததாகவும் மதிப்பிட்டது. 464 குடும்பங்கள் என்று அதைப் படிக்க வேண்டும். ஆனால் உயிரைக் குடிக்கும் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் பெரும்பாலும் நம் காலடியிலேதான் கிடக்கின்றன: வயல் வரம்பிலே, விறகுக் கட்டின் அடியிலே, இரவில் பாய் விரித்த தரையிலே. கட்டு விரியன் உறங்குகிறவரைக் கடிப்பது நம் நாட்டிலே நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. கையிலே விளக்கில்லாமல் இருட்டில் நடப்பதற்கு அஞ்சாத நாம், பட்டப்பகலில் மரக்கிளையிலே தெரியும் மல் சராவுக்கு அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவதிலே இரட்டை நட்டம் இருக்கிறது. மரத்திலே ஓர் உயிர் வீணே சாகிறது. நிலத்திலே ஓர் உயிர் காவலின்றி இருக்கிறது.

இந்த இனத்தில் நாம் அறியாதது இன்னும் எவ்வளவு என்பதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. மல் சராவைத் தவிர, இலங்கையில் இன்னொரு பறக்கும் பாம்பும் உண்டு. மல்கம் சிமித் என்னும் ஆராய்ச்சியாளர் 1943ஆம் ஆண்டில் அதைத் தனி இனமாக விவரித்தார். பழைய கிரேக்கர் இலங்கையைத் தப்ரோபனே என்று அழைத்தார்கள் அல்லவா? அந்தப் பெயரையே பாம்புக்கும் சூட்டினார். உலகில் வேறெங்கும் இல்லாத இலங்கைப் பாம்பு என்று எழுபது ஆண்டுகள் வரையில் நூல்கள் கூறிவந்தன. 2015ஆம் ஆண்டிலே, அது ஆந்திரப் பிரதேசத்துச் சேஷாசல மலைக் காட்டிலும் வாழ்வது முதன்முதலாகப் பதிவாயிற்று. திருவேங்கடவன் கோயில் கொண்டிருக்கும் அதே மலைத்தொடர் அது. ஆதிசேடன் பெயரால் வழங்குவது. கோடிக்கணக்கான அடியார்கள் ஏறி இறங்கிய மலையிலே, ஆதிசேடனின் உறவினன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் மரத்திலே வாழ்ந்திருக்கிறான்! கண்ணில் பட்டதும் அடித்துப் புதைக்கப்பட்ட பாம்புகளோடு, இத்தகைய செய்திகள் எத்தனை புதையுண்டனவோ!

பிஸ்கற் பெட்டிக்குள் வந்த பாம்பை மாமரத்தடியிலே பிள்ளைகளே புதைத்தார்கள். அடுத்த ஆண்டு, மழைக்குப் பின் வெயில் எறித்த ஒரு காலை, அதே ஒழுங்கையில் இன்னொரு மல் சரா மதிலின் மேலே தென்பட்டது. தடி எடுக்க ஓடியவர்களும் இருந்தார்கள். ஆனால் முன்பு சிறகைத் தேடிய சிறுவன் நடுவிலே நின்றுகொண்டு, “அது மேலே பறக்காது, கீழேதான் வரும், தள்ளி நின்று பார்ப்போம்” என்று சொல்லிவிட்டான். ஆச்சி தம் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. “உண்மையாகவே மேலே எழும்பாதோ, மாஸ்டர்?” என்று இரு முறை கேட்டார். எழும்பாது என்று இரு முறை சொன்னோம். பாம்பு சற்று நேரம் வெயில் காய்ந்துவிட்டு, ஒரு பல்லியைத் துரத்திக்கொண்டு மாமரத்தில் ஏறி இலைக்குள் மறைந்தது. அன்றைக்கு அது பறக்கவும் இல்லை. எவரும் அடிக்கவும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் பெரும் ஏமாற்றம்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாம்பை அடிக்காமல் இருப்பது வேறு. பாம்போடு விளையாடுவது வேறு. இன்னதென்று உறுதியாகத் தெரியாத பாம்பைத் தொடவும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். விலகி நின்று அது போக வழி விட்டால் பெரும்பாலும் போய்விடும். வீட்டுக்குள் புகுந்து வெளியேறாவிட்டால், பழக்கமுள்ளவரையோ வனசீவராசிகள் திணைக்களத்தையோ அழைப்பதே முறை. கடித்துவிட்டாலோ, அது எந்தப் பாம்பாயினும், கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கையே தரும். கடிபட்டவரை நடக்கவிடாமல், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே உயிர் காக்கும் வழி.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலைப் பற்றிய ஐதீகம் நம்மவர் பலரும் அறிந்ததே. அம்பாளின் பூசைக்கென்று வாயிலே மலரைக் கவ்விக்கொண்டு நாகம் ஒன்று கடல் கடந்து வந்தது. கருடன் அதைக் கொல்லக் காத்திருந்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிர்க் கல்லிலே அமர்ந்தது. பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் அவற்றை இன்றும் காட்டுவார்கள். அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இரண்டுக்கும் இடையே புகுந்து கருடனிடம் மன்றாடினான்; நாகம் உயிர் தப்பி, மலரோடு கோயிலை அடைந்தது.

அந்தக் கதையிலே நாகத்தையும் கருடனையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். வணிகனைத்தான் மறந்துவிடுகிறோம். அவன் கையிலே ஆயுதம் இல்லை. நின்று, கேட்டு, பேசினான். மலரின் பெயரைச் சுமந்துகொண்டு நம் தோட்டங்களில் மரத்துக்கு மரம் செல்லும் இந்தச் சிறு பாம்புக்கும் ஓங்கிய தடிக்கும் இடையிலே நின்று ஒரு சொல் சொல்ல, வீட்டுக்கு ஒரு பிள்ளை இருந்தாற் போதும்.